ஆயிரம் ஹெர்ட்ஸ்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
மருந்துக்கடை மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறை என்னுடையது.
கன்வென்ஷன் அறிவிப்பு, கல்யாண வாழ்த்து,
வார்டு தேர்தல் வாக்குறுதி,
ரப்பர் நாற்றுக்கு ஒரு விளம்பரம்
எல்லாம் பேசிய மைக்கில்
ஞாயிறு மதியம் ஸ்டெனிலா வந்து ஏசினாள்.

ஏசினாள் என்றால், தாளத்தில்.
மூச்சு விடும் இடம்கூட எண்ணி வைத்திருந்தாள்.
கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் வேலை.
தோடு உடைத்துக் கறை ஏறிய விரல்களால்
தொடையில் தட்டிக்கொண்டே
ஒன்றே முக்கால் நிமிடம்.
நான் ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
அவள் அதைப் பார்த்தாள்.

திருவிழா எட்டாம் நாள், இளைஞர் இரவுக்கான பாட்டு.
சாயங்காலமே வாட்ஸப்பில் கமிட்டிச் செயலாளர்:
பதினொரு இடம், விநாடி குறித்து.
"மயிரை விட்டுரலாம், வேதத்திலயும் உண்டு.
அண்டி வேண்டாம். முந்திரின்னு பாடட்டு."
ஆபீசுக்குப் பேரே அதுதானே சார் என்றேன்.
"போர்டில இங்கிலீஷிலல்லா இருக்கு."

முந்திரி என்று மறுபடி பாடினாள்.
மூன்று டேக் ஆனது,
இரண்டில் சிரித்துவிட்டாள்.

கெட்ட வார்த்தையின் மேல் போடும் கூவல்
ஆயிரம் ஹெர்ட்ஸ்.
நேர்கோடு.
அதற்கு ஊர் கிடையாது,
வெற்றிலை மெல்லும் வாய் கிடையாது.
முதல் வார்த்தையை மூட எடுத்தபோதுதான் கேட்டேன்:
அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் இல்லை.
மூக்கடைத்த ஓர் ஆண்குரலைச் செய்திருந்தாள்,
அச்சு அசலாக.

இது யாரு?
"எடை போடுத மேஸ்திரி."
அடுத்தது?
"அவருதான். அதுக்கடுத்ததும்."
இது வேற ஆளுல்லா?
"ஆறேகால் பஸ்ஸுக்க கண்டக்டர்."
ஏழாவதை ஓடவிட்டேன்.
அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.
"அது வீட்டில" என்றாள்.

ஒன்பதாவது நீளம்.
வாலை வெட்டினேன், தலை மிஞ்சியது:
தள்ளை.
பெற்றவளுக்கு எங்கள் பக்கத்துச் சொல்.
ஏச்சில் ஊறி ஊறி
இப்போது வீட்டுக்குள் அதை எடுக்க
யாருக்கும் நாக்கு வருவதில்லை.
திரையில் தனியாகக் கிடந்தது கால் விநாடி,
நெத்திலி முள்ளளவு அலை.
"அது மட்டும் நிக்கட்டு அண்ணா" என்றாள்.
செயலாளரைக் கேட்டேன்.
"தாயார்னு மாத்தினா என்ன?"
தாளத்தில் இருக்காது சார்.
"அப்ப அதுக்கும் கூவட்டு."
கூவியது.

ராத்திரி பத்தரைக்குப் பம்மம் பக்கம்
அரசு பஸ் ஒன்று என் பைக்கை ஓரத்தில் வைத்து அணைத்தது.
வாயிலிருந்து அது முழுசாக வந்தது.
ஒன்பதாவது. வாலோடு.
பழக்கடையில் மட்டிக்குலை இறக்கியவன்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நிதானமாக,
மூக்கில்,
தாளம் தப்பாமல்தான் சொல்லியிருந்தேன்.

காலை ஷிப்டுக்கு முன்னால் பென் டிரைவுக்கு வந்தாள்.
"வெட்டுனதெல்லாம் போச்சா?"
இருக்கு. தனி டிராக்.
"போடுங்க, கேப்போம்."
நின்றபடியே கேட்டோம்.
பாட்டு இல்லாமல், கொட்டு இல்லாமல்
பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக.
ஒன்பது விநாடிகூட இல்லை.
அவள் ஒரு முழுநாள் வேலை முடிந்தவளைப் போல
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"இதையும் ஏத்தித் தாருங்க. இதுக்கு எவ்வளவு?"
இதுக்குப் பைசா வேண்டாம்.
"அதென்ன?"
இல்ல, அந்த ஒம்பதாவது, நேத்து ராத்திரி நான்
என்று தொடங்கினேன்.
மேலே பாலத்தில் கனிம லாரி ஒன்று
நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.
அது முடியும்வரை அவள்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.