இடது பாதத்தில் ஒரு பெருக்கல் குறி

மணிக்கொரு தரம் எசக்கிமுத்துவின் பாதங்களைத் தொடுகிறேன்.
வயிற்றிலிருந்து இரு தொடைகளுக்கும்
புதுக்குழாய் பதித்து ஒன்பது மணி நேரம்.
வலது: சூடு. நாடி உண்டு.
இடது: சற்றே குளிர்ச்சி.
பேனாவால் போட்ட பெருக்கல் குறிமேல்
ஜெல் தடவி டாப்ளரை வைத்தால்
உஷ் உஷ் என்று
மூடி தளும்பும் இட்லிக் கொப்பரை.

தாராவியில் மூன்று மணிக்கே அடுப்பு,
அப்புறம் ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி
மாட்டுங்கா வரை சைக்கிள்.
அவர் மனைவி சொன்னதுதான்.
சொல்லிவிட்டு,
"பீடிய மட்டும் எழுதிராதிய" என்றாள்.
ஏற்கெனவே எழுதியிருந்தது.

மூன்று மணிக்கு இடதில் சத்தமில்லை.
ஜெல்லைக் குறை சொன்னேன். பேட்டரியை.
என் விரல்நுனித் துடிப்பையே
அவருடையதென்று நம்பப் பார்த்தேன்.
டாக்டர் நாட்கர்ணிக்குப் போன் போய்க்கொண்டிருக்க
மறுகையால் தேடினால்
குறிக்கு ஒரு விரற்கடை தள்ளிக்
கொதித்துக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட் தொட்டுப் பழையதை அழித்தேன்.
புதிதாய்ப் போடுகையில்
கூசியதோ என்னவோ, பெருவிரல் மடங்கியது.
வாயில் குழாய்.
என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்:
மணி?

மூன்று இருபது என்றேன்.
முழங்கால் இரண்டும் ஒருசேர எழும்பின,
கட்டிலைவிட்டு இறங்க.