சதுர முள்

பதினொரு நாள் கூடையில் கிடந்தது.
டொலர் ஏற விலை ஏறியது,
இறங்கியபோது மட்டும்
அப்படியே நின்றது.

டிலக்சன் ஒன்றும் கேட்கவில்லை.
கம்பஸ் பாடங்களைக்
கீறல் விழுந்த போனில்
இரு விரலால் அகட்டி அகட்டி வாசித்தான்.

சீட்டுக்காசு விழுந்த இரவு
கார்ட் இலக்கத்தை நான் சொல்ல
அவன் அடித்தான்.
ஆறு எண் வருமென்று
என் போனைப் பார்த்தபடி இருந்தோம்.
சம்பளம் வரும் நாளில்கூட
நான் இப்படி மூச்சை நிறுத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை நுவன் என்றொருவன்
கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று
நாலு தரம் கோல் எடுத்தான்.
எங்கள் ஒழுங்கைக்கு வரைபடத்தில் பெயரில்லை.
நீலத் தண்ணீர்த்தாங்கி, அதற்கடுத்த கேற் என்று
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

பெட்டியைத் திறந்தோம்.
லப்டொப் சார்ஜரின் முள் சதுரம்.
வீட்டுத் துளைகள் எல்லாம் உருண்டை,
பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதைத் தவிர.
வாங்கிய அடப்டரோ
முதல் நாளே சூடாகி மணத்தது.

இப்போது ராத்திரிகளில்
பிரிட்ஜ் உறங்குகிறது.
அதன் முதுகில் சாய்ந்து
அவன் படிக்கிறான்.

மீனை நான்
அன்றன்றைக்கே வாங்குகிறேன்.