வராதோர்: ஒருவர்

பேரவைக் குறிப்பேட்டில் என் பெயர் இராது.
முப்பது வருடம் அதை எழுதியவள் நான்.
மசோதா எண், ஆதரவு, எதிர்ப்பு, வராதோர்.
இருமலை எழுதுவதில்லை. சிரிப்பை எழுதுவதில்லை.
உறைந்த மிசௌரி ஆறு வெடிக்கும் சத்தம்
ஜன்னல்வரை வந்தாலும் எழுதுவதில்லை.

லியாண்டர் ஃபெட்டிக் முதன்முதலாக வந்த அன்று
சட்டைக் கைப்பட்டையில் அயோடின் கறை.
மாட்டு வைத்தியர்.
ஐம்பத்தேழாம் இருக்கை, தூணுக்குப் பின்னால்.
"தலைவருக்கு என் கையைத்தான் தெரியும்,
முகத்தைப் பார்த்ததில்லை" என்பார்.

வடக்கு டகோட்டாவில் சட்டமன்றம்
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எண்பது நாள்.
அந்த எண்பது நாளில்தான் மாடுகள் கன்று ஈனும்.
இதை வகுத்தவனிடம் ஒரு மாடுகூட இருந்திருக்காது
என்பதும் அவர் சொன்னதுதான்.

ஐந்து தேர்தல். இருபது வருடம். ஒரே கோட்டு.
சாலை வரி, பீட்ரூட் லாரியின் எடை,
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்ட
மாநில மிட்டாய்,
எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்தினார்:
பச்சை, சிவப்பு, பச்சை, பச்சை.

தனக்கென்று கொண்டுவந்தது ஒன்றே ஒன்று.
ஊர்ப்புறத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தொண்டர்களுக்கு
மைலுக்கு இத்தனை காசு.
ஏன் என்று அவையில் சொன்னதே இல்லை.
காப்பி இயந்திரம் சில்லறையை விழுங்கிய ஒருநாள்
என்னிடம் சொன்னார்:
"ஒட்டிலியா வோல்க் ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தாள்.
வண்டி இருந்தது. டீசல் இல்லை.
வேறு யாரும் தோன்றாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.
மாட்டு ஊசிப் பையோடு போனேன்."
அதற்குமேல் சொல்லவில்லை.
இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

நான்கு முறை குழுவிலேயே செத்தது.
ஐந்தாம் முறை அவைக்கு வந்தது,
மார்ச் இருபத்தாறு, பிற்பகல் மூன்று ஐந்து.
வேண்டியது நாற்பத்தெட்டு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.
காதில் போன். வலது கை காற்றுக்குள்
எதையோ பற்றி, மெல்லத் திருப்பி,
உள்ளே தள்ளி, மறுபடி திருப்பி...
நூற்றெண்பது மைலுக்கு அப்பால் ஒரு தொழுவத்தில்
யாரோ ஒரு பெண்
அந்தக் கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பலகையில் நாற்பத்தேழு பச்சை.
"பூட்டுங்கள்" என்றார் தலைவர்.
பூட்டும் விசை என் மேஜையில்.
பேனாவைக் கீழே போட்டிருக்கலாம்.
மூன்று வினாடி காது கேளாதவளாய் இருந்திருக்கலாம்.
பூட்டினேன்.

கன்று பிழைத்தது. பின்னங்கால் முதலில் வந்த காளைக்கன்று.
உள்ளே வந்து பலகையைப் பார்த்தவர்
கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்,
ஈரமே இல்லாத கையை.

எதிர்த்தவரில் ஒருவர் மனம் மாறினால்
மறுநாள் மறுபடி எடுக்கலாம், விதி இருக்கிறது.
அன்று இரவு விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாராம்.
எல்லோரும் உட்காரச் சொன்னார்கள்.
ஒருவர் கேக் வெட்டிக் கொடுத்தாராம்.

அடுத்த தேர்தலில் வீடுவீடாக ஒரு தாள் போனது:
"தன் மசோதாவுக்கே வராதவர்."
பொய்யில்லை. என் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது,
பக்க எண்ணோடு.
அறுபத்தொரு ஓட்டில் தோற்றார்.
அந்தக் கன்று பிறந்த வீட்டின் ஓட்டு எந்தப் பக்கமோ.

மறு கூட்டத்தொடரில் அதே மசோதா,
வேறொருவர் பெயரில்,
தொண்ணூறுக்கு மூன்று.
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
கைதட்டலையும் நான் எழுதுவதில்லை.

பழைய பக்கங்களைத் திருத்த எனக்கு அதிகாரம் உண்டு,
எழுத்துப் பிழைக்கு மட்டும்.
ஓய்வுபெறும் வாரம் அந்தப் பக்கத்தை எடுத்தேன்.
அவர் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
இத்தனை நாள் ஒருவரும் கவனிக்கவில்லை,
அந்தத் தாளை அச்சடித்தவர்கள்கூட.
சேர்த்தேன்.

வராதோர்: ஃபெட்டிக்.

இப்போது சரியாக இருக்கிறது.