ஜோடி நூற்றிருபது

ஜி.பி. ரோட்டில் ஜோடி நூற்றிருபது சொன்னான்.
தொண்ணூறுக்கு முடித்தேன்.
ஏசி வாயில் செருகுகிற குட்டி விசிறி,
மூன்று இறக்கை, சிவப்பு,
நடுவில் ஒரு வில்லை. மல்லிகையாம்.
பதினோராம் நாள் மல்லிகை போய்விட்டது.
விசிறி போகவில்லை.

ஒரு வேலையும் இல்லை அதற்கு.
காற்றுதான் அதைச் சுற்றுகிறது.
கரண்டு கேட்காது, பெட்ரோல் கேட்காது,
தூசி மட்டும் வாங்கிக்கொள்ளும்.
"அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ தக்காளி வந்திருக்கும்"
என்றாள் ஹேமாவதி.

ஆனாலும் மாட்டிய நாளிலிருந்து
பின்சீட்டில் ஒரு கேள்வி நின்றுபோனது.
முன்பெல்லாம் கிண்டி தாண்டுவதற்குள்
மூன்று தடவை வரும்:
"அண்ணா, ஏசி போட்டிருக்கீங்களா?"
போட்டிருப்பேன்.
போட்டிருந்தும்,
கண்ணாடியில் தெரிகிற முகத்துக்குச் சத்தியம் செய்வேன்.
கத்திப்பாரா ஏறும்போது மட்டும்
வண்டிக்கு மூச்சு வாங்கும்,
ஒரு நிமிஷம் பொத்தானை அணைப்பேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஏறியதும் விசிறியைப் பார்க்கிறார்கள்.
சுற்றுகிறது.
சாய்ந்துகொள்கிறார்கள்.

ஊதுவது வேறு, குளிர்வது வேறு.
இது எனக்கும்
புதுப்பேட்டை மெக்கானிக் தில்லிபாபுவுக்கும்
அந்தச் சிவப்புக்கும் தெரியும்.

கத்திரியில் ஒரு மத்தியானம் கேஸ் இறங்கிவிட்டது.
போரூரிலிருந்து பாரிமுனை, டை கட்டிய ஒருவர்.
அடுப்பங்கரையிலிருந்து வருவதுபோல் வந்தது காற்று.
விசிறி என்னவோ
வழக்கத்தைவிட வேகமாய்ச் சுற்றியது.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினேன்.
சென்ட்ரல் பக்கம் அவரே பேசினார்:
"கொஞ்சம் கம்மி பண்ணுங்க, எனக்கு சைனஸ்."
காது மடலில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.
கம்மி பண்ணினேன்.
அஞ்சு ஸ்டார் போட்டுவிட்டு இறங்கினார்.
சாயங்காலம் வரைக்கும் அந்த அஞ்சும்
மடியில் கனத்தது.

அப்புறம் அந்தப் பையன்.
அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க
இரண்டு சீட்டுக்கு நடுவே எக்கி
விரலை வைத்தான், நின்றது.
எடுத்தான், சுற்றியது.
வைத்தான்.
"ரெஹான், கைய எடு!"
"அங்கிள், ஃபேன் நின்னாலும் காத்து வருது.
அப்ப இது எதுக்கு?"

லிபர்ட்டி சிக்னல். தொண்ணூற்று நான்கு நொடி
இறங்கிக்கொண்டிருந்தது சிவப்பில்.
வாசனைக்கு என்றேன். மோந்து பார்த்தான், இல்லை.
அழகுக்கு என்றேன்.
"அழகா இல்லியே."
உன் அம்மா மாதிரி ஆட்கள்
என்னை நம்புவதற்கு என்று
சொல்லியிருக்கலாம்.
"சும்மாடா" என்றேன்.

அந்தச் சொல்லை மிட்டாய்போல வாங்கி
வாயில் போட்டுக்கொண்டான்.
சும்மா சும்மா சும்மா சும்மா
என்று கோயம்பேடு வரைக்கும்
இறக்கைக்கு ஒன்றாய் எண்ணிக்கொண்டே வந்தான்.

நேற்று இரவு பத்தரை.
பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகள் மூடியிருந்தன.
வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்தி,
நான்கு கண்ணாடியையும் இறக்கினேன்.
செருப்பைக் கழற்றினேன்.
கழுத்துப் பட்டையில் வேர்வை காய ஆரம்பித்தபோதுதான்
பார்த்தேன்.
இடப்பக்க விசிறி அசைந்தது.

முதுகில் தள்ளித்தான் அதற்குப் பழக்கம்.
இது முகத்துக்கு நேரே வந்த கடல்காற்று.
அரைச் சுற்று, ஒரு தயக்கம்,
பிறகு தலைகீழாய்,
இதுவரை சுற்றாத பக்கமாய்,
மெதுவாக.

வலப்பக்கத்தது அசையவேயில்லை.
அதற்கு ஓர் இறக்கை உடைந்து
மாதமாகிறது. ஒருத்தரும் கேட்டதில்லை.

பின்சீட்டில் யாருமில்லை.
கருவாட்டு வாசம்.
விரலை நீட்டினேன்.
வைக்கவில்லை.

போன் அடித்தது. வேளச்சேரி,
ஒன்பது கிலோமீட்டர்.
இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டு
கண்ணாடியை ஏற்றினேன்.