நாற்பது கிராம்

கசிவை அடைப்பவன் நான்.
பஹாவ் தாமான் வீடுகளில்
மேல்மாடிக் குளியலறை ஒழுகினால்
மீட்டர் பெட்டி மூடியில்
யாரோ பேனாவால் கிறுக்கி வைத்த
என் நம்பரைத் தேடுவார்கள்.
கடைசி இரண்டு எண் அழிந்திருக்கும்.
இருந்தும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஹஸ்லினா படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.
பவளக்கொடியின் தொடையெலும்பு.
இடுப்புக்குச் சற்றுக் கீழே
கரையான் தின்ற நிலைக்கால் மாதிரி ஒரு பொந்து.
மார்பில் அறுத்து நாலு வருஷம்.
முடிந்தது என்று நாங்கள் சொல்லிக்கொண்டதை
அது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

சுரண்டி எடுப்போம், கம்பி வைப்போம்,
பள்ளத்தை அடைக்க சிமெண்டு.

அதுவரை அவர் பேசியதெல்லாம்
நெடுஞ்சாலை லோரி மாதிரி
என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.
சிமெண்டு என்றதும் நாற்காலி நுனிக்கு வந்தேன்.
எத்தனை நிமிஷத்தில் இறுகும்?
பத்து, கூடினால் பன்னிரண்டு.
சூடாகுமா?
நல்லாவே. கையுறைக்குள் தெரியும்.
தண்ணீர்?
தண்ணீர் இல்லை, நெடியடிக்கும் ஒரு திரவம்.
"பாக்சிக், மேஸ்திரியா?" என்று சிரித்தார்.

பிறகு சிரிக்காமல் சொன்னார்:
கலவையில் மருந்துத் தூளும் சேர்ப்போம்.
ஊசியில் ஏற்றினால் உடம்பெல்லாம் சுற்றி
முடியிடம் கொஞ்சம், நாக்கிடம் கொஞ்சம்
பிடுங்கிக்கொண்டு போகும்.
இது போட்ட இடத்தில் இருந்து
போட்ட இடத்திலேயே கசியும்.

கசியுமா?

கசியணும், பாக்சிக். அதுதான் அதன் வேலை.

முப்பது வருஷம்
ஒழுகிய சிமெண்டுக்கு ஏச்சு வாங்கியவன்
என்ன பதில் சொல்வது?

மருந்தைக் கூட்டிப் போடலாமே, என்றேன்.
கூட்டினால் பலம் குறையும், கால் தாங்காது.
அது எனக்குத் தெரியும்.
மணலைக் கூட்டிக் காசு பார்த்தவர்களின் சுவரை
நான்தான் இடித்திருக்கிறேன்.
போடுவதில் பெரும்பகுதி வெளியே வராது, என்றார்.
மேலாக இருப்பது முதல் சில நாளில் இறங்கும்,
அப்புறம் துளித்துளியாக.
மிச்சம் உள்ளேயே கெட்டியாகிவிடும்.
நல்லதை மட்டும் சொல்லாத டாக்டர்.
அதனால் நம்பினேன்.

பவளக்கொடி அதுவரை வாய் திறக்கவில்லை.
எண்ணெய் ஆலை எடைமேடையில் இருப்பவள்.
டயர் அமுங்குவதைப் பார்த்தே
பத்து டன்னா பதினொன்றா என்பாள்;
குலைக்கு நடுவில் கல் வைத்த டிரைவர்கள்
அவள் ஷிப்டில் வரமாட்டார்கள்.

"எடை எவ்வளவு, டாக்டர்?"

"தூள் ஒரு பாக்கெட். நாற்பது கிராம்."

"உதிரி நாலு பழம்," என்றாள் என்னிடம், தமிழில்.
ஏமாந்தவள் குரலா,
கணக்கை முடித்தவள் குரலா, பிடிபடவில்லை.

புதன்கிழமை.
கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்
என் வலது கை தன்பாட்டுக்கு
எதையோ கிளறிக்கொண்டிருந்தது.
பக்கத்துச் சீனக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு
மரியாதையாக வேறு பக்கம் திரும்பினார்.
உள்ளே எவரோ என் வேலையைச் செய்கிறார்கள்,
கட்டி விழாமல் கலக்கவேண்டுமே.

மூன்றாம் வாரம் லோ ஆ கியோங் கடைக்கூரை.
விரிசலைக் கீறி, கழுவி, பூசி,
கரண்டியைத் தூக்கியவன் அப்படியே நின்றேன்.
"என்ன, தீர்ந்துபோச்சா?" என்றான் கீழிருந்து.
இல்லை, என்று மூடினேன்.
எண்பது வெள்ளி வேலை.

ராத்திரி ஆலைப் புகை ஜன்னலுக்குள் வரும்,
புளித்த எண்ணெய் வாசம்.
தலையணைமேல் காலை நீட்டி
"கசியுதான்னு பாரு" என்றாள்.
ஈரச்சுவரில் வைப்பதுபோல்
தையலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
"காஞ்சிருக்கு."
"உள்ள பாருன்னா
வெளிய தடவுற.
இத்தன வருஷம் எப்படித்தான் தொழில் செஞ்சியோ."

அடுத்த ஸ்கேன் பதினேழாம் தேதி.
காலண்டரில் அவள் வட்டம் போடவில்லை,
எடைச்சீட்டில் போடுவதுபோல்
ஒரு சின்ன டிக்.
கையை எடுக்கச் சொல்லவில்லை.
எடுக்கவில்லை.