பதினான்காம் எண் வால்வு

இருபத்தைந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரம்.
பதினோரு நிமிடம் பிந்திவிட்டேன்.
வனச்சரகர் ஆகாமல் போனது அப்படித்தான்.
மேட்டுப்பாளையத்தில் நாலு வருஷம் படித்தவன்
இங்கே, கயாத்தியில், விசாவில்
விவசாயக் கூலி.

காடு என்றுதான் சொல்கிறார்கள்.
ஏழு மீட்டருக்கு ஒன்று,
பள்ளி அசெம்பிளி மாதிரி.
வேலி, வேலிக்குள் மான்,
மானுக்குத் தீவனம் லாரியில்.
"புலி இருக்காப்பா?" என்றாள் நிறைமதி.
"பைப் இருக்கு" என்றேன்.
போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

இவர்கள் காஃப் என்பது நம் வன்னி.
சித்ர், இலந்தை.
முதல் நாள், விமான நிலையத்தில்
ஊர்க்காரர்களைக் கண்டதுபோல் சிரித்துவிட்டேன்.
மொஃபிசுல் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
கோயிலில் இதற்கு மஞ்சள் துணி கட்டுவோம்.
இங்கே கட்டியிருப்பது பார்கோடு.

உப்பு அடைத்த சொட்டுவாய்களை
சட்டை ஊக்கால் குத்திக் குத்தி
இரண்டு வருஷம்.

மார்ச்சில் மின்னஞ்சல்:
பதினான்காம் பிளாக்குக்கு இனி நீர் வேண்டாம்.
நிலத்தடி நீர் இறங்குகிறது. நியாயம்தான்.
என்னைக் கேட்டிருந்தால்
நானும் அதையே எழுதியிருப்பேன்.
வால்வு மூட ஏழு சுற்று.
ஆறு நான் சுற்றினேன்.

வியாழன்தோறும் எண்ண வேண்டும்.
படிவத்தில் மூன்று கட்டம்:
உயிர், இறப்பு, ஐயம்.
ஆகஸ்டில் ஐயம் மொத்தமும்
இறப்புக்கு இடம் மாறியது.
இலந்தைகள் முதலில்.
வன்னிகள் இலையைக் கொட்டிவிட்டு
யோசித்துக்கொண்டு நின்றன.

அக்டோபர். ஒன்பதாம் வரிசைக்கும் பத்துக்கும் நடுவே,
குழாய் போகாத மணலில்
முழங்கால் உயரம், பச்சையாய், ஒரு வன்னி.
யாரும் நட்டதல்ல.
மான் புழுக்கையில் வந்திருக்கும்.
எத்தனை வருஷமாய் நிற்கிறதோ,
எண் கட்டியவற்றையே பார்த்து நடந்திருக்கிறேன்.
கையால் மணலை விலக்கினேன்.
முழங்கை புதைந்தும் வேர் முடியவில்லை.
திரும்ப மூடினேன்.

எண் இல்லாததை எழுத
படிவத்தில் இடம் இல்லை.
மூன்று கட்டத்தையும் பார்த்தேன்,
பேனாவைப் பையில் செருகினேன்.

அதன்பின் வரிசையை விட்டு,
வரிசைகளுக்கு நடுவில் நடந்தேன்,
கீழே பார்த்தபடி,
கிழக்கு வேலிவரை.

முகாமுக்கு வந்தபோது இருட்டிவிட்டது.
ஏன் இவ்வளவு நேரம் என்று
மொஃபிசுல் மட்டும் கேட்டான்.
தட்டில் சோறு மூடி வைத்திருந்தான்.
பதினோரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
மீன் துண்டை என் பக்கம் தள்ளினான்.