கண்ணுக்கு ஒன்று

கிரான் பிரதேச செயலகம்.
வெள்ள நிவாரணப் பட்டியலில்
சௌதாமினி என்று தேடினேன்.
இல்லை என்றது கணினி.

"வடிவாப் பாருங்க மகள்,
ஜி.எஸ். எழுதினவர்."
மேசையில் ஈரம் காயாத அடையாள அட்டை.

ஒவ்வொரு வரியாய் உருட்டிப் போனேன்.
இருநூற்றுப் பதினாறில் இருக்கிறா.
அதே சௌ.
அழிக்கப் போனால்தான் தெரிகிறது
செகரம் தனி.
பக்கத்தில் ஒட்டிக்கொண்டு
கால் என்று நடிக்கிற ஒரு ளகரம்.
கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு.

திருத்தினேன்.
"வந்திட்டீங்க" என்றேன்.
"நான் எங்கயும் போகல்லயே."

அவ போனபின்
செவும் ளவுமாய்த் தட்டித் தேடினேன்.
சௌந்தரி, சௌமியன், கௌரியம்மா இல்லை
அவவுக்குக் கெவும் ளவும்
என்று பதினொரு பேர்.

மார்கழியில் இதை யார் அடித்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
விரல்களை மடியில் வைத்துக்கொண்டேன்.